மருந்தின் படிக வடிவமும் அது கரையும் திறனும்

அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மாத்திரைகளைக் கொள்முதல் செய்யும் அதிகாரி, 'பேட்ச்' எனப்படும் ஒவ்வொரு தொகுதியுடனும் வரும் பகுப்பாய்வுச் சான்றிதழில் பொதுவாக இரண்டு எண்களைத் தேடுகிறார். மருந்துப் பொருள் எவ்வளவு உள்ளது என்பது ஒன்று; அது எவ்வளவு தூய்மையானது என்பது மற்றொன்று. லேபிளில் 100 மில்லிகிராம் என்று அச்சிடப்பட்டிருந்து, சோதனையில் 99 அல்லது 101 என்று வந்தால் மனநிறைவுடன் கையொப்பமிடுகிறார். இவ்விரு எண்களும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டும் சரியாக இருந்தும் நோயைத் தீர்க்காத மாத்திரை இருக்கக்கூடும். போலி மருந்தைப் பற்றியோ காலாவதியான மருந்தைப் பற்றியோ இங்குப் பேசவில்லை. சரியான வேதிப்பொருளே, சரியான எடையில், கலப்படமின்றி இருக்கிறது, ஆயினும் பயனில்லை. இந்த விந்தை எவ்வாறு நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குடற்புழுக்களுக்குக் கொடுக்கப்படும் மெபண்டசோல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1970களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் ஜான்சன் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த இம்மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நமது நாட்டில் 2015 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் வழங்கப்படுவது இதன் நெருங்கிய உறவுப் பொருளான அல்பண்டசோல். எனினும் மெபண்டசோலும் இந்திய ஆலைகளில் தயாராகிறது. வளரும் நாடுகள் பலவற்றில் பள்ளிக் குழந்தைகளுக்குக் கூட்டாக வழங்கப்படுகிறது. இம்மருந்து ஏ, பி, சி என்று பெயரிடப்பட்ட மூன்று படிக வடிவங்களில் கிடைக்கிறது. மூன்றிலும் மூலக்கூறு ஒன்றே. அணுக்களின் எண்ணிக்கையிலோ அவற்றின் பிணைப்பிலோ இம்மியும் வேறுபாடில்லை. மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் முறை மட்டுமே வேறு. ஆயினும் சி வடிவம் புழுக்களை ஒழிக்கிறது. ஏ வடிவமோ பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் குடலைக் கடந்து வெளியேறிவிடுகிறது. தாய்லாந்தில் இவ்விரு வடிவங்களையும் நோயாளிகளுக்குத் தனித்தனியே கொடுத்து ஒப்பிட்டு 1993இல் வெளியிடப்பட்ட ஆய்வு, கொக்கிப்புழுவின் மீது சி வடிவத்துக்கு இருந்த ஆற்றல் ஏ வடிவத்துக்கு இல்லை என்று காட்டியது.

அடுக்கும் முறை மாறினால் மருந்தின் ஆற்றல் ஏன் மாறவேண்டும்?

கற்கண்டும் பஞ்சு மிட்டாயும்

விடையை நம் வீட்டுச் சர்க்கரையிலிருந்தே தொடங்கலாம். கற்கண்டு ஒரு படிகம். அதனுள் சர்க்கரை மூலக்கூறுகள், அணிவகுப்பில் நிற்கும் வீரர்களைப் போல, மூன்று திசைகளிலும் ஒரே ஒழுங்கில் நிற்கின்றன. திருவிழாக் கடையில் விற்கும் பஞ்சு மிட்டாயும் சர்க்கரையே. உருகிய சர்க்கரையைச் சுழற்றி இழைகளாக வீசும்போது அது நொடிப்பொழுதில் குளிர்ந்துவிடுவதால், மூலக்கூறுகளுக்கு அணிவகுத்து நிற்க நேரம் கிடைப்பதில்லை. சந்தைக் கூட்டம் போல நின்ற நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. இவ்வாறு ஒழுங்கற்று உறைந்த திண்மத்தைப் படிகமற்ற திண்மம் என்கிறோம். சன்னல் கண்ணாடியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கற்கண்டு வாயில் நெடுநேரம் இருக்கிறது. பஞ்சு மிட்டாய் நாவில் பட்டவுடன் மறைந்துவிடுகிறது. இதற்கு இழைகளின் நுண்மையே பெரிய காரணம் என்று மாணவர்கள் சுட்டிக்காட்டக்கூடும், அது சரியே. ஆனால் இரண்டையும் ஒரே அளவுள்ள பொடியாக்கினாலும், ஒழுங்கற்ற சர்க்கரையே விரைந்து கரையும். பஞ்சு மிட்டாயின் மற்றொரு குணமும் இங்கு நினைவுகூரத்தக்கது. மழைக்காலக் காற்றில் அதைத் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துச் சுருங்கும். பின்னர் மெல்ல மெல்ல நறநறவென்ற சர்க்கரைப் படிகமாக மாறிவிடும். இந்தச் சிறு நிகழ்ச்சியில் மருந்து ஆலைகளின் பெருந்தொல்லை ஒன்று அடங்கியுள்ளது. அதற்குப் பின்னர் வருவோம்.

ஒரு திண்மம் நீரில் கரைவதென்றால், அதன் மூலக்கூறு ஒன்று தன் அண்டை மூலக்கூறுகளின் பிடியிலிருந்து விடுபட்டு நீர் மூலக்கூறுகளிடையே செல்லவேண்டும். அணிவகுப்பு நெருக்கமாகவும் உறுதியாகவும் இருந்தால் பிடி வலிது, விடுபடுவது கடினம். அணிவகுப்பு தளர்ந்திருந்தால் எளிது. ஒழுங்கே இல்லாவிடில் இன்னும் எளிது. ஆதலால் ஒரே பொருளின் வெவ்வேறு படிக வடிவங்களுக்கு வெவ்வேறு கரைதிறன் அமைகிறது. அவற்றுள் மிகவும் நிலையான வடிவமே மிகக் குறைவாகக் கரைவது. இது இயற்கையின் விதி. இதற்கு விலக்கு இல்லை.

கரையும் வேகத்தைப் பற்றிய முதல் கணக்கு 1897இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் போடப்பட்டது. நாய்ஸ், விட்னி என்ற இருவர் பென்சாயிக் அமிலத்தையும் ஈயக் குளோரைடையும் உருளைகளாக வார்த்து நீரில் சுழற்றி, மணிக்கு எவ்வளவு கரைகிறதென்று அளந்தனர். அவர்கள் கண்ட விதி எளியது. நீர் அப்பொருளை எவ்வளவு ஏற்க முடியுமோ அந்த எல்லைக்கும், இதுவரை கரைந்துள்ள அளவுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியதோ அவ்வளவு வேகமாகக் கரைவு நிகழும். திண்மத்தின் மேற்பரப்பும் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பது பின்னர் இதனுடன் சேர்க்கப்பட்டது. அவர்கள் மருந்தைப் பற்றி எண்ணியவர்கள் அல்லர் என்றாலும், மருந்தியல் மாணவர் ஒவ்வொருவரும் இன்று மனப்பாடம் செய்யும் சமன்பாடு அவர்களுடையது. மனப்பாடம் செய்பவர்கள் அதில் உள்ள இரண்டு பிடிகளையும் கவனிக்கவேண்டும். பொருளைப் பொடியாக்கினால் மேற்பரப்பு கூடுகிறது. படிக வடிவத்தை மாற்றினால் எல்லையே உயர்கிறது.

முதல் பிடியைப் பயன்படுத்திய கதை கிரைசியோஃபுல்வின் உடையது. படர்தாமரை முதலிய பூஞ்சை நோய்களுக்கான இம்மருந்து நீரில் மிக அரிதாகவே கரையும். 1960களில் இதனை மிக நுண்ணிய பொடியாக்கியபோது, முன்பு ஒரு கிராம் கொடுத்த இடத்தில் அரை கிராமே போதுமானதாயிற்று. ஆனால் பொடியாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. மேற்பரப்பைப் பெருக்கினால் எல்லையை நோக்கி விரைவாகச் செல்லலாம். எல்லையே மிகத் தாழ்ந்து இருந்தால் விரைவால் பெரும்பயன் விளையாது.

நீரில் எளிதாகக் கரையும் மருந்துகளுக்கு இவையெல்லாம் பெரிய பொருட்டல்ல. எந்தப் படிகமாக இருந்தாலும் இரைப்பையில் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அரிதில் கரையும் மருந்துகளிலேதான் சிக்கல் எழுகிறது. 1995இல் அமிடனும் அவருடைய குழுவினரும் வகுத்த முறைப்படி, ஒரு வேளைக்குரிய மிகுந்த அளவு மருந்து 250 மில்லிலிட்டர் நீரில், அதாவது ஒரு பெரிய தம்ளர் நீரில், குடலில் நிலவும் அமிலத்தன்மைகள் அனைத்திலும் முழுவதும் கரைந்தால்தான் அது நன்கு கரையும் மருந்து. இந்த அளவுகோலை மெபண்டசோலுக்கு வைத்துப் பார்ப்போம். இரைப்பையின் அமிலத்தை ஒத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 1977இல் அளந்தபோது, ஏ வடிவம் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராமும், சி வடிவம் 35 மைக்ரோகிராமும், பி வடிவம் 71 மைக்ரோகிராமும் கரைந்தன. 100 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கி ஒரு தம்ளர் நீர் அருந்தியவரின் வயிற்றில், ஏ வடிவமானால் கரையக்கூடியது இரண்டரை மில்லிகிராம். சி வடிவமானால் ஒன்பது மில்லிகிராம் அளவு. எஞ்சியது மணல் போலக் கிடக்கும். புழுவைக் கொல்வது கரைந்த மருந்தே தவிர மணல் அன்று.

இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் ஆற்றல் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். மூன்றரை மடங்குக் கரைதிறன் வேறுபாட்டுக்கு, இரு வடிவங்களின் நிலையாற்றலில் ஒரு மோலுக்கு மூன்று கிலோஜூல் அளவு வேறுபாடு இருந்தால் போதும். இரு கார்பன் அணுக்களை இணைக்கும் ஒரு வேதிப் பிணைப்பின் ஆற்றலில் இது நூற்றில் ஒரு பங்கு. வேதிப் பகுப்பாய்வு இந்த நூற்றில் ஒரு பங்கைக் காண்பதில்லை. குடல் அதைக் காண்கிறது.

மிகுதியாகக் கரையும் பி வடிவத்தையே ஏன் பயன்படுத்தக்கூடாது என்ற கேள்வி இயல்பாக எழும். புழு இருப்பது குடலுக்குள். மருந்து அங்கே கரைந்து நிற்கவேண்டும், அளவுக்கு மிஞ்சி இரத்தத்தில் ஏறவேண்டியதில்லை. பி வடிவத்தில் நச்சுத்தன்மை கூடும் என்ற அச்சமும் உண்டு. எனவே நடுநிலையான சி வடிவமே மருத்துவத்துக்கு உகந்ததாக ஏற்கப்பட்டுள்ளது.

சோதனையே மறைத்துவிடும் குறை

மருந்து கரைகிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் கரைவுச் சோதனை இருக்கிறதே, அது இக்குறையைக் காட்டிக்கொடுக்காதா என்று வாசகர் கேட்கலாம். உடல் வெப்பநிலையில் வைத்த திரவத்தில் மாத்திரையை இட்டு, துடுப்பால் கலக்கி, குறித்த நிமிடங்களில் எவ்வளவு கரைந்தது என்று அளப்பதே இச்சோதனை. இங்குதான் கதையின் மிக முக்கியமான திருப்பம் உள்ளது.

மெபண்டசோல் வெறும் அமிலத்தில் மிகக் குறைவாகக் கரைவதால், சோதனைத் திரவத்தில் சோடியம் லாரில் சல்பேட் என்ற சோப்பு போன்ற பொருளை ஒரு சதவீதம் சேர்க்குமாறு அமெரிக்க மருந்து நூல் வகுத்திருந்தது. அளவீட்டுக்கு வசதியாக இருக்கும் என்பதே நோக்கம். ஆனால் சோப்பு நீர் எந்த வடிவத்தையும் கரைத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது: சோப்புப் பொருளைச் சேர்த்தபோது ஏ வடிவமும் சி வடிவமும் பிரித்தறிய முடியாமல் நின்றன, அதனை நீக்கிவிட்டு வெறும் அமிலத்தில் சோதித்தபோதுதான் பயனுள்ள வடிவமும் பயனற்ற வடிவமும் தனித்தனியே தெரிந்தன. நோயாளியின் குடலில் ஒரு சதவீதம் சோடியம் லாரில் சல்பேட் இல்லை. சோதனையில் தேர்ச்சி பெறுவதற்காக அமைக்கப்பட்ட சோதனைக்கும், உண்மையை அறிவதற்காக அமைக்கப்பட்ட சோதனைக்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்றும் இக்கட்டுரையாளர் அறிந்ததில்லை.

ஏ வடிவம் மாத்திரைக்குள் எவ்வாறு நுழைகிறது? மூலப்பொருளைப் படிகமாக்கும்போது பயன்படுத்தும் கரைப்பான் ஒரு காரணம். வேறோர் ஆலையிலிருந்து மலிவாக வாங்கிய மூலப்பொருள் முற்றிலும் ஏ வடிவமாகவே இருக்கக்கூடும். ஆனால் நல்ல சி வடிவத்தில் தயாரித்த மாத்திரையும் கெட்டுப்போகலாம். சி வடிவத்துடன் ஏ வடிவத்தின் சில துகள்கள் கலந்திருந்து, 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் கிடந்தால், அத்துகள்கள் பாலுக்கு உறைமோர் போல அமைந்து மற்றவற்றையும் ஏ வடிவமாக மாற்றத் தொடங்குகின்றன. 40 டிகிரியும் 75 சதவீதமும் ஆய்வகங்களில் மருந்தின் ஆயுளை விரைவாகச் சோதிப்பதற்காக வகுக்கப்பட்ட நிலை. நமது கடற்கரை மாவட்டங்களின் தகரக் கூரைக் கிடங்குகளில் கோடையில் நிலவுவது இதற்குப் பெரிதும் மாறுபட்டதல்ல.

ஒரு மருந்து நூல் இத்தகைய குறையை முன்கூட்டியே உணர்ந்து வரம்பு விதித்ததற்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஒரு காலத்தில் டைபாய்டு காய்ச்சலுக்குப் பேருதவியாக இருந்த குளோரம்பெனிகால் தாங்கமுடியாத கசப்புடையது. குழந்தைகளுக்காக அதனைக் கசப்பற்ற பால்மிடேட் ஆக்கி, திரவத்தில் கலங்கலாகக் கொடுத்தனர். குடலில் உள்ள நொதி அதனை உடைத்து மருந்தை விடுவிக்கும். அதிலும் ஏ, பி என இரு வடிவங்கள் இருந்தன. பி வடிவத்தின் பங்கு கூடக்கூட, விழுங்கியவரின் இரத்தத்தில் மருந்தின் அளவும் கூடியதென்று 1967இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏ வடிவமோ மிகக் குறைவாகவே உறிஞ்சப்பட்டது. இதன்பின் அக்கலங்கலில் ஏ வடிவம் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்று அமெரிக்க மருந்து நூலில் வரம்பு எழுதப்பட்டது.

ஒழுங்கின்மையைப் பயன்படுத்துதல்

படிக வடிவங்களுள் நன்கு கரைவதைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்காமல், படிகத்தையே தவிர்த்துவிட்டால் என்ன? நோவோபயோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பற்றி 1960இல் வெளியான ஆய்வு இதற்கு வழிகாட்டியது. அதன் படிகமற்ற வடிவம் படிகத்தைவிடக் குறைந்தது பத்து மடங்கு கரைந்தது. படிக வடிவத்தை வாய்வழியே கொடுத்த நாய்களின் இரத்தத்தில் மருந்து தென்படவே இல்லை; படிகமற்ற வடிவம் நன்கு உறிஞ்சப்பட்டது. ஆனால் அதனை நீர்க்கலங்கலாக வைத்திருந்தால் நாளடைவில் தானாகவே படிகமாகி வலுவிழந்தது. மீதில் செல்லுலோஸ் போன்ற பொருள்களைச் சேர்த்து இம்மாற்றத்தைத் தாமதப்படுத்தினர்.

பஞ்சு மிட்டாயின் கதை இங்கு மீண்டும் வருகிறது. ஒழுங்கற்ற திண்மம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடி போல இறுகி நிற்கும், அதற்கு மேலே இளகத் தொடங்கும். இளகினால் மூலக்கூறுகள் நகரும். நகர்ந்தால் அணிவகுத்துப் படிகமாகும். வலி நிவாரணியான இன்டோமெதாசினுக்கு இந்த வெப்பநிலை ஏறத்தாழ 42 டிகிரி. நாகபுரியிலோ தில்லியிலோ மே மாதத்து நண்பகல் இதனை எளிதாகத் தாண்டிவிடுகிறது. ஈரம் புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். நீர் மூலக்கூறுகள் இடையே நுழைந்து இளகும் வெப்பநிலையைப் பல டிகிரி தாழ்த்திவிடுகின்றன. குளிர்நாட்டு ஆலையில் ஈராண்டு கெடாமல் இருந்தது என்ற சான்று நமது கிடங்குக்கு உத்தரவாதம் ஆகாது.

கணக்குப்படி கிடைக்கவேண்டிய ஆதாயம் முழுவதும் நடைமுறையில் கிடைப்பதும் இல்லை. படிகமற்ற வடிவங்கள் பத்து மடங்கு முதல் ஆயிரம் மடங்குக்கு மேலும் கரையவேண்டும் என்று கோட்பாடு கூறியபோதும், அளந்தபோது கிடைத்தது பெரும்பாலும் அதில் ஒரு சிறு பகுதியே. காரணம், நீரில் விழுந்தவுடனேயே அவை படிகமாகத் தொடங்கிவிடுகின்றன. இதனைத் தடுக்க மருந்து மூலக்கூறுகளை நெடிய பாலிமர் சங்கிலிகளிடையே சிதறவிட்டு உறையவைக்கிறார்கள். இனிப்புச் செய்பவர் சர்க்கரைப் பாகில் சில துளி எலுமிச்சைச் சாறு விடுவதன் நோக்கமும் ஏறக்குறைய இதுவே. சாற்றின் அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்து வேறு இரு சர்க்கரைகளாக்குகிறது. அவை இடையே நின்று பாகு படிகமாகாமல் காக்கின்றன. பாலிமர் இரு வேலைகளைச் செய்கிறது. மாத்திரைக்குள் மூலக்கூறுகள் நகராமல் பிடித்துவைக்கிறது. குடல்நீரில் கரைந்தபின் மீண்டும் படிகமாகாமல் சிறிது நேரம் தடுத்து, உறிஞ்சப்படுவதற்கு அவகாசம் தருகிறது.

வேகமாகக் கரைவதே எப்போதும் நலம் என்று இதனால் கொள்ளலாகாது. இன்சுலின் இதற்கு மாறான பாடம் புகட்டியது. 1950களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் ஹாலஸ்-மோலர் என்பவர் துத்தநாகம் சேர்த்த இன்சுலினை இரு வடிவங்களில் தயாரித்தார். படிகமற்ற நுண்துகள் தோலுக்கடியில் விரைந்து கரைந்து பலனளித்தது. பெரிய படிகங்கள் ஒரு நாளுக்கு மேலும் மெல்லக் கரைந்தன. முதலாவதில் மூன்று பங்கும் இரண்டாவதில் ஏழு பங்கும் கலந்ததே லெண்டே இன்சுலின். நாளுக்குப் பலமுறை ஊசி போட்டுக்கொண்டிருந்த நீரிழிவு நோயாளிகளில் பலருக்கு ஒருமுறை போதுமாயிற்று. புதிய இன்சுலின்கள் வந்தபின் அது பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது.

1998ஆம் ஆண்டின் பாடம்

படிகத்தைப் பற்றி அசட்டையாக இருந்தவர்களை விழித்தெழச் செய்தது ரிட்டோனவிர். எச்.ஐ.வி. நோய்க்கான இம்மருந்தை அபாட் நிறுவனம் 1996இல் வெளியிட்டது. மருந்து கரைசலாகவே கூட்டுக்குள் அடைக்கப்பட்டிருந்ததால் படிக வடிவத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று எண்ணப்பட்டது; அப்போது அறியப்பட்ட படிகமும் ஒன்றே. 1998இல் சில தொகுதிகள் கரைவுச் சோதனையில் தவறின. கூடுகளுக்குள் அதுவரை எவரும் கண்டிராத இரண்டாவது படிகம் வளர்ந்திருந்தது. அது முதல் வடிவத்தைவிட நிலையானது. எனவே மிகக் குறைவாகக் கரைவது. ஒருமுறை தோன்றியபின் அதன் நுண்துகள்கள் வித்தாகிப் பரவியதால், முதல் வடிவத்தை முன்போலத் தயாரிப்பதே அரிதாயிற்று. கூடுகள் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. நோயாளிகள் சுவைக்கச் சகியாத திரவ மருந்தை அருந்த நேர்ந்தது. 1999இல் குளிர்பதனத்தில் வைக்கவேண்டிய புதிய மென்கூடு வந்தது.

குளிர்பதனம் என்ற நிபந்தனை, மின்சாரம் நிலையற்ற வெப்ப நாடுகளுக்கு எவ்வளவு பெரிய தடை என்பதை விளக்கவேண்டியதில்லை. 2005இல் ரிட்டோனவிரையும் லோபினவிரையும் பாலிமருடன் சேர்த்து உருக்கி, ஒழுங்கற்ற திண்மமாக உறையவைத்த மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குக் குளிர்பதனம் தேவைப்படவில்லை. படிகத்தால் விளைந்த இடரைப் படிகமின்மையால் தீர்த்தார்கள் எனலாம்.

நீரும் படிகத்துக்குள் புகுந்து இடம் பிடித்துக்கொள்ளும். வலிப்பு நோய்க்கான கார்பமசெபைன் ஈரக்காற்றில் நீர் மூலக்கூறுகளை ஏற்று வேறொரு படிகமாகிறது, மாத்திரையும் கெட்டியாகிவிடுகிறது. ஈரமான இடத்தில் வைத்தால் இம்மாத்திரை தன் பயனில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990இல் எச்சரித்தது. குளியலறை அலமாரியில் வைக்கவேண்டாம் என்ற அறிவுரை அதிலிருந்து பிறந்தது. வலிப்பு நோயாளிக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் என்ன நேரும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும்.

சட்டத்தின் பார்வையில்

படிக வடிவம் நமது நாட்டில் ஆய்வகத்தோடு நிற்காமல் நீதிமன்றத்துக்கும் சென்றது. 2005இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், அதன் நோய் தீர்க்கும் பயனைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தினாலன்றிக் கண்டுபிடிப்பாகாது என்கிறது. உப்புகள், படிக வடிவங்கள், துகள் அளவு முதலியவை அதன் விளக்கத்தில் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளன. இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. வழக்கு பல படிகளைக் கடந்து, 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. மூல இமாடினிப்பைவிட 30 சதவீதம் மிகுதியாக உறிஞ்சப்படுகிறது என்று நிறுவனம் வாதிட்டது. மிகுதியாக உறிஞ்சப்படுவது மட்டும் நோய் தீர்க்கும் பயன் உயர்ந்ததற்குச் சான்றாகாது என்றும், அது உயர்ந்ததென்பதைத் தனியே நிறுவவேண்டும் என்றும் நீதிமன்றம் கூறிவிட்டது. நன்கு பாய்தல், வெப்பத்தில் நிலைத்திருத்தல், ஈரம் ஏற்காமை ஆகிய பண்புகளும் இப்பிரிவின் கணக்கில் சேரவில்லை.

இத்தீர்ப்பைப் படித்த சிலர், படிக வடிவம் முக்கியமல்ல என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாகப் பொருள் கொள்கின்றனர். அது தவறு. ஒரு வடிவத்துக்கு இருபது ஆண்டுத் தனியுரிமை தரலாமா என்பது ஒரு கேள்வி. அடுத்த மாதம் கிடங்குக்கு வரும் தொகுதி, சோதித்துத் தேர்ந்த தொகுதியைப் போலக் கரையுமா என்பது மற்றொரு கேள்வி. முதல் கேள்விக்கு நீதிமன்றம் விடை கூறியுள்ளது. இரண்டாவதற்கு விடை கூறவேண்டியவர்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களும் கொள்முதல் அலுவலர்களும் ஆவர்.

அதற்குரிய கருவிகள் எட்டாத் தொலைவில் இல்லை. பொடியின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், படிகம் கூர்மையான முகடுகளாகத் தன் கைரேகையைப் பதிக்கிறது. ஒழுங்கற்ற திண்மம் மங்கிய மேடு ஒன்றையே தருகிறது. அகச்சிவப்புக் கதிர் கருவி மாநில மருந்து ஆய்வகங்களுக்குப் புதியதன்று. மெபண்டசோலின் நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஏ வடிவத்தில் 3370 அலை எண்ணின் அருகிலும், சி வடிவத்தில் 3410இன் அருகிலும் தென்படும். சிறிது கவனம் வேண்டும்: மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடுடன் அரைத்து அழுத்தி வில்லையாக்கும் வழக்கமான முறை, சில மருந்துகளில் படிக வடிவத்தையே மாற்றிவிடக்கூடும், அத்தகையவற்றை எண்ணெயில் குழைத்துப் பார்ப்பது பாதுகாப்பானது. கலப்பு மிகச் சிறிய அளவில், சில சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் எக்ஸ் கதிரும் தவறவிடலாம். ஆனால் முற்றிலும் ஏ வடிவத்தால் ஆன தொகுதி ஒன்றை அடையாளம் காண ஒரு பிற்பகலே போதும்.

ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் 'மெபண்டசோல், 100 மி.கி.' என்பதுடன் 'சி வடிவம்' என்ற இரு சொற்களைச் சேர்ப்பதற்குச் செலவில்லை. கரைவுச் சோதனையைச் சோப்புப் பொருள் இன்றியும் ஒருமுறை செய்து அறிக்கை தருமாறு கேட்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அனுமதியின்போது ஒருமுறை மட்டும் சோதித்து விட்டுவிடாமல், கோடையையும் மழையையும் மாவட்டக் கிடங்கில் கழித்த அட்டைகளிலிருந்து சில மாத்திரைகளை எடுத்து மீண்டும் அதே சோதனைக்கு அனுப்பவேண்டும். அட்டையின் வெளித்தோற்றத்தில் வேறுபாடு எதுவும் தெரியாது. லேபிளில் உள்ள 100 மில்லிகிராமும் அப்படியே இருக்கும்.